நாற்பத்தைந்து நாள் ஈரம்

அத்தியாயம் 11

பீரோ கதவின் உள்பக்கம் ஒன்றரை வருடமாக ஒட்டிக்கிடந்த தாளை அம்மா இன்று காலை நகத்தால் சுரண்டி எடுத்தாள். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அதை எதுக்கு எடுத்துட்டுப் போற?" என்றேன்.

"குளத்து வேலைன்னா முடிஞ்ச இடத்துலயே கையெழுத்துப் போடணும். வீட்டுக்கு வந்து போட்டா அது திருட்டுக் கையெழுத்து."

அம்மா நீச்சல்குளத்தில் துப்புரவுப் பணியாளர். பத்தொன்பது வருடம். அங்கே ஒவ்வொரு கழிப்பறைக் கதவின் பின்னாலும் கட்டம் போட்ட ஒரு தாள் தொங்கும். கழுவி முடித்ததும் கட்டத்தில் நேரத்தை எழுதி, பக்கத்தில் சின்னதாய்க் கையெழுத்துப் போட வேண்டும். நேரம் மட்டும் இருந்து கையெழுத்து இல்லையென்றால், வந்தேன், வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

அப்படி ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில்தான் அம்மா தன் ஆசைகளை எழுதியிருந்தாள். ஏழு ஆசை, ஏழு கட்டம். மேலே தலைப்பு, 'ரிட்டயர் ஆகறதுக்குள்ள'.

ஆறு கட்டங்களில் கையெழுத்து விழுந்துவிட்டது. தன் பெயரில் நூலக அட்டை வாங்கினாள். சைக்கிள் ஓட்டினாள், முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். ஒரு நாள் முழுக்க யாருக்கும் சமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பதினாலாம் நம்பர் பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரை போய், அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை என்று தெரிந்துகொண்டு சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். அப்பாவுக்கு முடி வெட்டினாள். சொந்தமாக சலூன் வைத்திருக்கிற மனுஷர், பத்து நாள் தொப்பியோடு கடையில் நின்றார். கேட்டவர்களிடமெல்லாம் சளி என்றார்.

போன வாரம் ஓட்டல் அறை. வேறு யாரோ விரித்த படுக்கையில் ஒரு பகல் படுத்து எழ வேண்டும் என்பது ஆறாவது ஆசை. படுத்தாள். எழுந்ததும் படுக்கையைத் தட்டி விரித்து, குளியலறைத் தரையையும் துடைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள். "அந்தப் பொண்ணுக்கு இன்னும் எத்தனை ரூம் இருக்கோ" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஏழாவது கட்டம் மட்டும் காலி. அதில் எழுதியிருந்தது இது.

'என் பொண்ணுகிட்ட நீச்சல் கத்துக்கணும்.'

எனக்கு நீந்தத் தெரியாது.

இதை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒன்றரை வருடமாக மற்ற ஆறையும் நான்தான் விழுந்து விழுந்து நிறைவேற்றி வைத்தேன். அம்மா மேல் பாசம் என்று எல்லாரும் சொன்னார்கள். பாசம்தான். ஆனால் ஏழாவதைத் தள்ளிக்கொண்டே போகவும் அந்த ஆறு தேவைப்பட்டது.

இன்று அம்மாவின் கடைசி வேலைநாள். திங்கட்கிழமை, குளத்துக்கு விடுமுறை. காலையில் குளத்தைச் சுற்றிக் கழுவி முடித்ததும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை தண்ணீரில் இறங்கிக்கொள்ளலாம் என்று மேனேஜர் அனுமதி கொடுத்திருந்தார். தள்ளிப்போட இனி நாள் இல்லை.

அப்பா கடைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டியபடியே வாசலில் நின்றார். "இன்னிக்கே போகணுமா? வானம் ஒரு மாதிரி இருக்கே."

"குளத்துக்கு மேல கூரை இருக்குங்க" என்றாள் அம்மா.

"இல்ல, சொன்னேன்."

"பன்னெண்டு மணிக்கு கேட்டுக்கு வந்துடுங்க. ஈரத் துணி மூட்டை ஆகும்."

கடையில் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷர், வீட்டில் எண்ணி எண்ணித்தான் பேசுவார். என்னை ஒரு பார்வை பார்த்தார். போனார்.

*

பத்தரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா மேனேஜர் அறையில் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. பத்தொன்பது வருடப் பழக்கம்.

"உக்காரும்மா" என்றேன்.

"டிரெஸ் ஈரமா இருக்குடி. சேர் பாழாயிடும்."

மேனேஜர் புதிதாக வந்தவர். நல்ல மாதிரி. அம்மாவின் பழைய ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஒரு தாளில் நின்றார். "அட, பாஸ் பாரம். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

அந்தத் தாளை நான் பார்த்ததேயில்லை. ஒரு பணியாளருக்கு ஒரே ஒரு பயிற்சிப் பாஸ், வேலையில் இருக்கிற காலம் முழுக்க ஒரே தடவை. யார் பெயர் எழுதுகிறார்களோ அவருக்கு மட்டும். பெயர் என்ற இடத்தில் முதலில் அம்மா தன் பெயரை எழுதியிருந்தாள். ஸ்கேல் வைத்து அதை நேராக அடித்துவிட்டு, மேலே என் பெயரை எழுதியிருந்தாள். நீலப் பேனா, அழுத்தமான கையெழுத்து. 

மேனேஜர் கீழே இருந்த விதிகளைச் சத்தமாகப் படித்தார். "முதல் மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பெயரை மாற்றிக்கொள்ளலாம். பரவாயில்லையே. நீங்க மாத்தாம பொண்ணுக்கே விட்டுட்டீங்க. நல்லா கத்துக்கிட்டாளா?"

"மீன் மாதிரி நீந்துவா சார்" என்றாள் அம்மா.

நான் காப்பீட்டு ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஜனங்கள் பாரத்தில் எழுதுகிற பொய்யைக் கண்டுபிடித்துச் சிவப்பு மை போடுவதுதான் என் வேலை. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அந்த அறையில் நான் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். எனக்கும் பன்னிரண்டு வயது. நாற்பத்தைந்து நாள் வகுப்பு. என்னைத் தவிர எட்டுப் பெண்கள். இரண்டாவது நாள் ஒருத்தி கேட்டாள், "உங்கம்மாதானே பாத்ரூம் கழுவுறது?" ஆமாம் என்றேன். மூன்றாவது நாள் அவளுடைய அம்மா வந்து கோச்சிடம் ஏதோ தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். கோச் என்னிடம் வந்தார். "நீ கொஞ்ச நாள் கரையில உக்காந்து பாரு. அப்புறம் இறங்கலாம்."

நான் கரையில் உட்காரவில்லை. நான்காவது நாளிலிருந்து உடைமாற்றும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரம் அங்கேயே இருப்பேன். விசில் மூன்று முறை ஊதினால் வகுப்பு முடிந்தது. குழாயைத் திறந்து தலையை நனைத்துக்கொண்டு வெளியே வருவேன். அந்த சீசன் முழுக்க வகுப்பு நேரத்தில் அம்மாவுக்கு மாடியில் டியூட்டி. வகுப்பு முடியும் நேரத்துக்குத் துண்டோடு ஓடி வந்து கதவருகே நிற்பாள். என் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்பாள், "இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" நான் கதவிடுக்கு வழியாகக் காதில் விழுந்ததைச் சொல்வேன்.

அம்மாவின் மனசு நோகக்கூடாது என்றுதான் மறைத்தேன் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் நிஜம். துண்டோடு நிற்கிற யூனிஃபார்ம் அம்மாவை அந்த எட்டுப் பெண்களும் பார்ப்பதற்குள் ஓடிவிட வேண்டும் என்று தினமும் முதல் ஆளாக வெளியே வந்தவளும் நான்தான்.

*

"உன்கிட்ட ஒரு நிமிஷம் பேசணும்."

நடைபாதையில் கோச். இங்கே எல்லாரும் அவரை விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். டீ வாங்கி வரச் சொல்லக்கூட ஊதுகிற ஆள். இப்போது முடி முழுக்க வெளுத்துவிட்டது. அம்மா தண்ணீரில் இறங்கும்போது அவர் கரையில் நிற்க வேண்டும் என்பது மேனேஜர் போட்ட நிபந்தனை.

"வெளியில எங்கயாவது கத்துக்கிட்டியா?" என்றார்.

"இல்ல."

"அப்ப நீ சொல்லித் தர்றதுக்கு நான் விட முடியாது. உங்கம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயசு. நீ சொல்றியா, நான் சொல்லவா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னைக் கரையில உக்காரச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"மூணு நாள் வந்தவளுக்கு நாற்பத்தஞ்சு நாளும் வருகைப் பதிவுல டிக் போட்டது யாரு?"

"அதுவும் நான்தான்." அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. "வரலைன்னு போட்டா உங்கம்மா காரணம் கேட்டு வந்திருப்பாங்க. என்கிட்ட காரணம் இல்ல. நீ வேணா என்னைத் திட்டு. திட்டிட்டுப் போய் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லு."

திட்டத்தான் நினைத்தேன். பன்னிரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசவு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்த ஆள் நான் வாய் திறப்பதற்குள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொள்ளாத ஆள் அங்கே நான் ஒருத்திதான் பாக்கி.

*

அம்மா நீச்சல் உடையில் வந்தாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய கறுப்பு உடை. தலைக்கு ரப்பர் தொப்பி. கூச்சத்தில் இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல், கடைசியில் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கேன்?"

"நல்லாருக்கும்மா."

"சீல் மீன் மாதிரி இருக்கேன். சொல்றதுக்கென்ன."

ஆழம் குறைந்த பக்கத்தில் படிகள். ஒவ்வொரு படியையும் அவள் தண்ணீர் வடிந்த நாளில் தேய்த்தவள். எந்த ஓடு உடைந்தது, எது மாற்றினது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். தண்ணீர் இருக்கும்போது கால் வைத்ததில்லை. பணியாளர்கள் இறங்கக் கூடாது. முதல் படியில் கால் வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. தொடைவரை தண்ணீர். திரும்பி என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"வாடி பட்டதாரி. வாத்தியார் மேடம். முதல்ல என்ன பண்ணணும்?"

நான் முதல் படியில் நின்றேன். கை நீட்டவில்லை.

"அம்மா, எனக்கு நீந்தத் தெரியாது."

சிரித்தாள். "விளையாடாத. ஒரு மணி நேரம்தான் இருக்கு."

"நிஜமா தெரியாதும்மா. மூணாவது நாளோட நிறுத்திட்டேன்."

சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அதை எடுக்க மறந்துவிட்டவள் மாதிரி. "நான் தினமும் துவட்டினேனே. தலை சொட்டச் சொட்ட ஈரமா இருந்துதே."

"குழாய்த் தண்ணி."

"எந்தக் குழாய்?"

எதற்கு அதைக் கேட்கிறாள் என்று புரியவில்லை. "உடை மாத்துற ரூம்ல. மூணாவது கதவு."

அம்மா நீட்டியிருந்த கையைக் கீழே போட்டாள். அது தண்ணீரில் பட்டு மெல்லச் சத்தம் கேட்டது.

"மூணாவது ரூம்ல தரை காயவே மாட்டேங்குது, குழாய் ஒழுகுது போலன்னு நான் ரிப்பேருக்கு நாலு தடவை எழுதிக் குடுத்தேன். வந்து பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னு போவாங்க. எனக்குப் பார்க்கத் தெரியலைன்னு சூப்பர்வைசர் திட்டினாரு." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் நிறுத்தின?"

சொன்னேன். அந்தப் பெண் கேட்டது, அவளுடைய அம்மா வந்தது, கரையில் உட்காரச் சொன்னது. கதவருகே அவள் நிற்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று நான் ஓடி வந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் பழியெல்லாம் மற்றவர்கள் மேல் போயிருக்கும். அதனாலேயே சொன்னேன்.

அம்மா எதிர்ப்பக்கம் நின்ற விசிலைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்மா."

"சரி." தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். "போன வருஷம் டூர் போனியே, ஏரிக்கு. யாராவது முழுகினா குதிச்சிடாதடி, உன் உயிர் முக்கியம்னு உன்னைக் கூப்பிட்டு வெச்சு எவ்வளவு நேரம் சொன்னேன். கேட்டுக்கிட்டு நின்னியே."

நான் கால் கட்டைவிரலால் படியின் விளிம்பைத் தேய்த்தேன்.

"நிறுத்திட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அடிச்சிருப்பேனா?"

"மாட்ட."

"அழுதிருப்பேன். அழுதுட்டு, என் பேருக்கு மாத்தித் தாங்கன்னு எழுதிக் குடுத்திருப்பேன். அன்னிக்கு எனக்கு நாற்பத்தாறு வயசுடி. முட்டி நல்லாருந்துது."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் ஏதாவது எதிர்த்துப் பேசி ஆறியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும்.

விசில் இரண்டடி முன்னால் வந்தார். "நான் சொல்லித் தரேன்மா. ஒரு மணி நேரத்துல மிதக்க வெச்சிடலாம்."

"உங்ககிட்ட கத்துக்கணும்னு நான் எழுதலை சார்" என்றாள் அம்மா. என்னைப் பார்த்தாள். "நீ மேல ஏறு."

ஏறினேன்.

அவள் மிச்சப் படிகளும் இறங்கினாள். நெஞ்சுவரை தண்ணீர். சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள். திரும்பி நடந்தாள். பத்தொன்பது வருடமாகத் தரை துடைத்தபடி காதில் வாங்கினதையெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். வாயால இழு. மூக்கால விடு. தலையைத் தூக்காத. ஒருமுறை கம்பியை இறுகப் பிடித்தபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். எண்ணினேன். நான்கு வினாடி. இருமிக்கொண்டு எழுந்தாள். மறுபடி வைத்தாள். காலைத் தரையிலிருந்து எடுக்கவேயில்லை.

நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் உட்காரச் சொன்ன அதே இடம்.

பன்னிரண்டு மணிக்கு அவளே படியேறி வந்தாள். நான் துண்டை விரித்துக்கொண்டு எழுந்தேன். அவள் தொப்பியைக் கழற்றினாள். உள்ளே முடி நனைந்திருந்தது. துண்டை என் கையிலிருந்து வாங்கி, தானே துவட்டிக்கொண்டாள். பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்த வைப்பரை எடுத்து, படியிலிருந்து தன் கால் சொட்டிய ஈரத்தையெல்லாம் வடிகால் பக்கம் தள்ளினாள்.

"அதை விடுங்கம்மா" என்றார் விசில்.

"சாயங்காலம் வரைக்கும் என் டியூட்டிதான் சார்."

கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். ஏழாவது கட்டத்தில் எழுதினாள். 11.00 – 12.00. பேனாவை மூடிவிட்டாள். கையெழுத்துப் போடவில்லை.

*

கேட்டுக்கு வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார். வானம் பளிச்சென்று இருந்தது. அம்மாவின் ஈர மூட்டையை வாங்கிக்கொண்டு, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. அதை அம்மா கவனித்தாள். நானும் கவனித்தேன்.

"எனக்கு மூக்கு செத்துப்போச்சு" என்றாள் அம்மா. அவரிடமா என்னிடமா என்று தெரியாத மாதிரி. "குளோரின்லயே கை நனைச்சு நனைச்சு, எந்தத் தலையில அது வாசம் அடிக்குது, எதுல அடிக்கலைன்னு எனக்குத் தெரியாது. துவட்டினேன், தெரியலை."

அப்பா மூட்டையைக் கை மாற்றிக்கொண்டார்.

"இங்க நீந்துற பிள்ளைங்க முடியெல்லாம் பத்தே நாள்ல நார் மாதிரி ஆயிடும், கத்திரியே ஏறாதுன்னு நீங்க சொல்வீங்களே. உங்க கடைக்கு வர்ற பிள்ளைங்களைப் பத்தி."

"ஆமா. சொல்லுவேன்."

"தொப்பிக்குள்ள அடங்கணும்னு இவளுக்கு முடி வெட்டினது யாரு?"

அப்பா ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் வந்து நின்று, யாரும் ஏறாமல் போனது.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை வெட்டினீங்க?"

"பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை" என்றார் அப்பா.

"பதினஞ்சு நாள்" என்றாள் அம்மா. மடித்த தாள் இன்னும் அவள் கையிலேயே இருந்தது. "அப்ப முதல் மாசம் முடியறதுக்குள்ள, பாஸ்ல பேரை மாத்த நாள் இருக்கும்போதே, ரெண்டு தடவை உங்க கை இவ தலையில பட்டிருக்கு."

கேள்வி கேட்கிற குரலே இல்லை அது. அப்பாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் சீப்பைத் தேடியது. எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.